விளக்கை அமத்துலே

சத்திரப்பட்டியைத் தாண்டினால் தறிச் சத்தம் அடங்கிவிடும். கீழராஜகுலராமனும் பின்னால் போய்விட்டால், அப்புறம் சாலையில் நம் வண்டி வெளிச்சம் ஒன்றுதான் துணை. பொங்கலுக்கு ஊருக்கு வந்துகொண்டிருந்த இரவு. ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் திரும்பியதும், சாலையின் நடுவே முயல்.

நட்டுவைத்த மாதிரி நின்றது. கண் இரண்டும் கங்கு. நான் பிரேக்கை மிதித்தேன். அதே நேரம் என் இடது கை இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் போகப் பார்த்து, அந்தப் பக்கம் கதவே இல்லை என்று தெரிந்து, கியரின் மேல் வந்து விழுந்தது. என்ன தேடினேன் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே பிடிபட்டது. கம்பு. நான் கையில் எடுத்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்ட உடைமரக் கம்பு. எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். எறிவதெல்லாம் இடது கையால்தான்.

பின்னால் இருந்த மகன் எட்டிப் பார்த்து, "ஹார்ன் அடிங்கப்பா, போயிரும்" என்றான். அடிக்கவில்லை. விளக்கை அணைத்தேன். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டபோது சாலை காலி.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

பெரியய்யா சொல்லித் தந்தது என்றேன். அதுவரைக்கும் அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியய்யா என் அப்பாவுக்கு மூத்தவர். எண்பத்தைந்தை ஒட்டிய வயசு. ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. மற்றதில் நிழலாட்டம் மட்டும் தெரிகிறது. காலையில் திண்ணையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் முயல் கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்று ஒரு நினைப்பு.

"எங்கிட்டுப் போச்சு?"

"தெரியல பெரியய்யா. விளக்கைப் போடும்போது காணோம்."

"காது எப்படி இருந்துச்சு? நட்டுக்கிட்டு இருந்துச்சா, முதுகோட ஒட்டிக் கெடந்துச்சா?"

"கவனிக்கல."

"ஒத்தையா, சோடியா?"

"ஒண்ணுதான் பாத்தேன்."

"ஒண்ணுதான் பாத்தியா, ஒண்ணுதான் இருந்துச்சா?"

நான் பேசவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அத்தனை வருசம் உன்னைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சது, கம்மாத் தண்ணியில எழுதுன கணக்காப் போச்சு" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்துக் கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதை நம்பித்தான் 1970-இல் ஆலங்குளத்துக்கு அரசாங்க சிமெண்டு ஆலை வந்தது. பெரியய்யாவுக்குக் குவாரியில் வேலை. சின்ன வயசில் அவர் ஆடு மேய்த்த பொட்டலையே பிற்பாடு வெடி வைத்து உடைத்துச் சம்பளம் வாங்கியவர் அவர். மூன்று ஷிப்டு. இரவு ஷிப்டு முடிந்து வரும்போது புருவமும் இமையும் வெளுத்துப்போய், நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டியவர் மாதிரி இருப்பார். குளித்துவிட்டுத் தூங்குவார் என்று பெரியம்மா சோற்றை எடுத்து வைத்தால், ஆள் பின்வாசல் வழியாக நாயை அவிழ்த்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

நாயின் பெயர் செவலை. மாட்டுக்கு நிறத்தை வைத்துப் பெயர் வைப்பதுபோல்தான் வேட்டை நாய்க்கும். சிப்பிப்பாறை எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்குகிற நாய் வகை அது: ஒடுங்கின வயிறு, நீண்ட மூஞ்சி, விலா எலும்பை எண்ணிவிடலாம். பார்க்கிறவர்கள் பட்டினி போட்டு வளர்க்கிறோம் என்று நினைப்பார்கள். உண்மையில் எங்கள் வீட்டில் முதல் கம்பங்கூழ் செவலைக்குத்தான், அதற்கப்புறம்தான் நாங்கள். ராஜபாளையத்து நாய் வேறு. பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், உருவத்தில் பெரிசு, பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. அதில் குட்டி வாங்கப் போகிறவர்கள் காதுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த வெள்ளை நிறத்தோடு செவிடும் சில குட்டிகளுக்குச் சேர்ந்தே வந்துவிடும். முயலுக்கு அது தோதுப்படாது. முயலுக்குச் சிப்பிப்பாறை, இல்லையென்றால் கன்னி. இரண்டுமே மோப்பத்தை நம்பி ஓடுகிறவை இல்லை. கண்ணால் பார்த்து, பார்த்ததைக் காலால் எட்டிப் பிடிக்கிறவை.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனார். கம்பு தருவார் என்று பார்த்தால் தூக்குவாளியைத் தந்தார். ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். இரண்டாம் வருஷம் செவலையின் கயிறு கைக்கு வந்தது. கம்பு அதற்கும் பிறகுதான். துப்பாக்கி கடைசிவரை அவரிடம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. கருமருந்து இடித்து, ரவை போட்டு, கௌதாரிக் கூட்டத்தின் மேல் சுட்டால் ஒரே வெடியில் நாலைந்து விழும். "அவனுக நடக்கிறதே இல்லலே" என்பார் பெரியய்யா. அவரைப் பொறுத்தவரை அது பெரிய குறை.

நடக்கத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார். சருகில் கால் வைக்காமல், பொழியின் ஓரமாக, காற்று நம் முகத்தில் அடிக்கிற மாதிரி. கம்பும் இருங்குச் சோளமும் அறுத்து முடிந்த தை மாசிதான் வேட்டைக் காலம். காலைப் பனி புழுதியில் லேசாக இறங்கியிருக்கும். தடம் அச்சுப் போட்ட மாதிரி விழுந்திருக்கும். ஒருநாள் ஒரு தடத்தைக் காட்டி, "எங்கிட்டுப் போயிருக்கு?" என்று கேட்டார். இரண்டு சின்னக் குழி, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு பெரிய குழி, பக்கத்தில் பக்கத்தில். பெரியது பின்னங்கால், ஆகவே அது பின்னால்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கிழக்கே கை காட்டினேன். பிடரியில் ஒன்று வைத்தார். முயல் தாவும்போது முன்னங்கால் முதலில் ஊன்றும். பின்னங்கால் இரண்டும் அதைத் தாண்டி முன்னால் போய் விழும். பெரிய குழி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அது போன திசை. பள்ளிக்கூடத்தில் படித்த எத்தனையோ மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. அடி வாங்கியது பள்ளிக்கூடத்திலும்தான், ஆகவே அடி காரணம் இல்லை.

புழுக்கையை விரலால் உடைக்கச் சொல்வார். ஆட்டுப் புழுக்கை நீளவாட்டமாகக் கறுத்திருக்கும். முயலுடையது உருண்டை, லேசாகத் தட்டினாற்போல, வைக்கோல் நிறம். உள்ளே பச்சை வாசம் இருந்தால் ராத்திரி போட்டது. தூளாக உதிர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம். நம் முயல் வளை தோண்டாது. கொழுஞ்சிச் செடியின் தூரிலோ, பருத்திமார் ஓரத்திலோ, உடம்பு பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் செய்துகொண்டு பகல் முழுக்கப் படுத்துக் கிடக்கும். பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு உண்டு. அதுவும் காதை மடக்கினால் தெரியாது. கரிசல் கட்டியும் முயலும் ஒன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் போய் மிதிக்கிற வரைக்கும் கிளம்பாது.

பெரியய்யாவின் வித்தை இங்கேதான். படுத்திருக்கிற முயலைப் பார்த்துவிட்டால் நிற்கக் கூடாது. நின்றால் அதற்குத் தெரிந்துவிடும். அதைப் பார்க்காத மாதிரி, வேறு ஜோலியாகப் போகிற மாதிரி, பேச்சுக்கொடுத்துக்கொண்டே தாண்டிப் போய்விட வேண்டும். "நாளைக்கு ரேசன்ல சீமெண்ணெய் ஊத்துறானாம்லே" என்று அவர் என்னிடம் திடீரென்று ஊர்க் கதை பேச ஆரம்பித்தால், என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்தில் எங்கோ முயல் படுத்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் யாராவது சம்பந்தமில்லாமல் ரேஷன் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் தரையைப் பார்க்கிறேன்.

அப்புறம் செவலை ஓடுவது. அதை எழுத்தில் கொண்டுவர எனக்குக் கைவரவில்லை. கயிற்றை உருவியதும் நாய் குனிந்து தரையோடு தரையாகப் போகும். முதுகு வில்லாக வளைந்து நிமிரும். எட்டிவிட்டது என்று நினைக்கிற இடத்தில் முயல் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். செவலை நிற்க முடியாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இருபது அடி தாண்டிப் போய்த் திரும்பும். அதற்குள் முயல் கரட்டுப் பக்கம் ஏறிவிட்டால் முடிந்தது. பின்னங்கால் நீளமாதலால் மேட்டில் அதைப் பிடிக்க ஆளில்லை. பத்துத் தடவை போனால் ஆறேழு தடவை வெறுங்கைதான். வெறுங்கையோடு வரும் நாட்களில் வழியில் இலந்தைப் பழமாவது பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார். வெறும் மடியோடு வீட்டுக்குள் நுழையக் கூடாதாம்.

கிடைத்த நாளிலும் கறி வீட்டுக்குள் போகாது. பெரியம்மாவின் சட்டம் அது. காட்டுக்கறிக்கென்று தனிச் சட்டி, பின்வாசலில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, ஆக்குவதும் பெரியய்யாதான். அம்மியில் மிளகாயும் சீரகமும் அரைத்துக் கொடுப்பதோடு பெரியம்மாவின் உதவி சரி. பங்கு பிரிப்பதில் அவர் கறாரான ஆள். கூட வந்த எல்லோருக்கும் ஒரே அளவு, சின்னப் பையனானாலும். நாய் யாருடையதோ அவருக்கு ஒரு பங்கு கூடுதல்; அதற்கு நாய்ப் பங்கு என்று பெயர். நாய்ப் பங்கை நாய்க்காரர்கள் தின்பதுதான் ஊர் வழக்கம். பெரியய்யா அதைச் செவலைக்கே போட்டுவிடுவார். இதில் பெரியம்மாவுக்கு வருத்தம் உண்டு.

எனக்குப் பதிமூன்று வயசில் ஒரு காரியம் செய்தேன். ஐப்பசி மழை விட்ட ஒரு சனிக்கிழமை. பெரியய்யா பகல் ஷிப்டு. பள்ளிக்கூடத் தோழன் ஒருவனிடம் என் வீரத்தைக் காட்ட வேண்டும் என்று செவலையை அவிழ்த்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். மழைக்காலத்தில் வேட்டைக்குப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது, கேட்டதும் இல்லை. ஈர மண்ணில் முயல் ஓட முடியாமல் ஓடியது. செவலை ஒரே மூச்சில் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. இவ்வளவு சுளுவாக எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சாயங்காலம் பெரியய்யா வந்து பார்த்தார். தூக்கிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. வயிற்றைக் கீறினார். உள்ளே இரண்டு குட்டி. மயிர் முளைத்து, காது படிந்து, நாளைக்கோ மறுநாளோ பிறந்திருக்க வேண்டியவை. கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலுக்குக் குட்டி பிறந்தால் தோலுரித்த எலிபோலக் கண் மூடிக் கிடக்கும். காட்டு முயல் அப்படியல்ல. குட்டி மயிரோடு, கண் திறந்தே பிறக்கும். அதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்படித் தெரிந்துகொண்டிருக்க வேண்டாம்.

அவர் அடிப்பார் என்று காத்திருந்தேன். மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டவைத்தார். மூன்றையும் சேர்த்துப் புதைக்கச் சொன்னார். செவலைக்குக்கூட ஒரு துண்டு போடவில்லை. அது குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்தத் தை மாசம் அவர் வேட்டைக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. என் சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போனார். தூக்குவாளி அவன் கையில். எனக்கு அழுகை வந்தது குட்டிகளுக்காக இல்லை, இதற்காகத்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷம் ஒரு விடியற்காலையில், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, எதுவும் நடக்காத மாதிரி "வாறியாலே?" என்றார். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே போய்விட்டேன்.

இதெல்லாம் நடந்த காலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. முதலில் அதில் சின்ன விலங்குகளை வேட்டையாட உரிமம் வாங்க ஒரு வழி இருந்தது. 1991-இல் திருத்தி அதையும் எடுத்துவிட்டார்கள். உரிமம் வாங்கி முயலடித்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைச் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்த பிறகுதான் வனத்துறை என்ற ஒன்றின் பேச்சு எங்கள் டீக்கடை வரைக்கும் வந்தது. "அணிலுக்கா சரணாலயம்?" என்று சிரித்தவர்கள் உண்டு. மரத்துக்கு மரம் தாவுகிற, வால் சேர்த்தால் ஒரு கஜத்தை நெருங்குகிற அந்த மலையணிலை அவர்கள் பார்த்ததில்லை. நாங்கள் செய்தது அன்றைக்கே குற்றம்தான். அதை இப்போது அழகுபடுத்தி எழுதுகிறேனோ என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

சட்டம் வந்து சேர்வதற்கு முன்பே வேலிக்கருவை வந்து எங்கள் வேட்டையைப் பாதி முடித்துவிட்டது. பொட்டலெல்லாம் புதராயிற்று. கண்ணால் பார்த்து ஓடுகிற நாய்க்கு எட்டு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்யும்? செவலை முள்ளுக்குள் பாய்ந்து காது கிழிந்து வரும். திறந்து கிடந்த நிலத்துக்கென்றே உண்டான நாய். நிலம் மூடிக்கொண்டதும் அதற்கு வேலை இல்லை. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அந்த முள் சோறு போட்டது, அதையும் மறுப்பதற்கில்லை.

பகல் வேட்டை படுத்ததும் ராத்திரி வேட்டை வந்தது. நெற்றியில் ஒரு விளக்கு, இடுப்பில் பேட்டரி. அமாவாசைப் பக்கமாகப் பார்த்துப் போவார்கள். வெளிச்சம் பட்ட முயல் திகைத்து நின்றுவிடும். பக்கத்தில் போய்க் கம்பால் ஒன்று போட்டால் தீர்ந்தது. தடம் தெரிய வேண்டாம், காற்று தெரிய வேண்டாம், நாய்கூட வேண்டாம். பெரியய்யா அதைக் களவு என்பார். என்றாலும் ஒரு வருஷம் அவரும் போனார். மறைக்க வேண்டியதில்லை. செவலை கிழடாகிவிட்டிருந்தது, வேறு நாய் அமையவில்லை, கைத்தினவு தாங்கவில்லை.

அப்படிப் போன ஒரு ராத்திரி. எனக்குப் பதினாறு நடக்கிறது. விளக்கு என் நெற்றியில். கம்மாய்க்கு மேற்கே, கல் கிடங்குக்குப் போகிற வண்டிப்பாதையில் ஒரு முயல். நல்ல பெரிசு. பத்தடிகூட இருக்காது. கண்ணுக்குக் கண் நேராகப் பிடித்து வைத்திருக்கிறேன். பெரியய்யா கம்பை ஓங்கிவிட்டார். ஓங்கின கை அப்படியே நிற்கிறது. எண்ணினால் பத்து எண்ணியிருக்கலாம். பிறகு மெதுவாகக் கையை இறக்கி, "விளக்கை அமத்துலே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "பெரியய்யா, நிக்கிது பாருங்க."

"அமத்துங்கிறேம்ல."

அணைத்தேன். இருட்டில் புழுதியைத் தட்டுகிற நாலைந்து மெல்லிய சத்தம். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை அவர். அதற்கப்புறம் அவர் வேட்டைக்குப் போகவே இல்லை. விளக்கையும் பேட்டரியையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் நான் படிக்க வெளியூர் போனேன். செவலை செத்தபோது எனக்குப் பரீட்சை, கடிதத்தில்தான் தெரிந்தது. கொல்லையில், அந்தப் பழைய குழிக்குப் பக்கத்திலேயே புதைத்ததாக அப்பா எழுதியிருந்தார்.

அந்த இரவை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஹாஸ்டலில், அலுவலகத்தில், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. ஓங்கின கம்பு, திகைத்து நிற்கும் முயல், மனசு மாறின வேட்டைக்காரர். கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகு ஏறிக்கொண்டே போயிற்று. அந்தச் சினை முயலின் ஞாபகம் அவருக்கு அப்போது வந்திருக்கும் என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் பெரியய்யாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு அதே வண்டிப்பாதையில் நடந்தேன். அவருடைய ஒரு கை என் தோளில், மற்றதில் ஊன்றுகோல். கம்பும் குதிரைவாலியும் நின்ற பிஞ்சைகளில் இப்போது மக்காச்சோளம். 2018-இல் படைப்புழு வந்து அதை அரித்தபோதுகூட யாரும் பழைய வெள்ளாமைக்குத் திரும்பவில்லை. பன்றிக்குப் பயந்து வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். பச்சையும் மஞ்சளுமாகக் காற்றில் ஆடின. மலையில் இருந்த பன்றியும் மயிலும் எங்கள் ஊர் வரைக்கும் இறங்கிவிட்டன. காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025-இல் அரசு முடிவெடுத்ததை அவரிடம் சொன்னேன். "சுடுறவன் நடந்து வருவானா, சீப்புல வருவானா?" என்று கேட்டார். அவர் இன்னும் மாறவில்லை.

மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. 2021-இலிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அவருக்கு மலை தெரியாது. எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். பழைய கிடங்கு ஒன்றில் தண்ணீர் நின்றது. "நாமக்கோழி கெடக்கா?" என்றார். கிடந்தது. எனக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வழியில் மகன் நாய்ப் பேச்சை எடுத்தான். அவன் கூட்டாளி வீட்டில், சென்னையில் ஆறாவது மாடியில், சிப்பிப்பாறை வளர்க்கிறார்களாம். இந்த நாய்களுக்கு இப்போது கண்காட்சி, சான்றிதழ், கேட்டால் மயக்கம் வருகிற விலை. ராஜபாளையத்து நாய்க்கு 2005-இல் தபால் தலையே வந்தது. 2020-இல் பிரதமர் வானொலியில் இரண்டின் பெயரையும் சொன்னார். பெரியய்யாவுக்கு இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனாலும், "ஆறாவது மாடியில முயல் எங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டார். மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

புழுதியில் தடம் இருந்தது. மகன் போனை எடுத்துப் படம் பிடித்தான். "எங்கிட்டுப் போயிருக்கு, சொல்லுய்யா" என்றார் பெரியய்யா. அவன் பார்த்துவிட்டு, நான் முதன்முதலில் செய்த அதே தப்பைச் செய்து, எதிர்த்திசையைக் காட்டினான். அவன் பிடரியில் அடி விழவில்லை. பெரியய்யா என்னைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு உட்கார்ந்தார். விரலால் தடவி, இரண்டு பெரிய குழியைக் கண்டுபிடித்து, பேரனின் கையைப் பிடித்து அதில் வைத்தார். "இதான் முன்னாடி" என்றார். அவன் விரலில் ஒட்டிய புழுதியைத் துடைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தான்.

அந்த இடத்தில்தான் அந்த ராத்திரிக் கதையை மகனிடம் ஆரம்பித்தேன். இங்கேதான், இதே பாதையில்தான், தாத்தா கம்பை ஓங்கி, மனசு கேட்காமல்...

"யாருலே சொன்னது?" என்றார் பெரியய்யா.

"நான் கூட இருந்தேனே."

"முயலே தெரியலலே எனக்கு." அவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். "வெளிச்சம் கண்ணுல சிதறிக் கூசுச்சு. பூப்பூவாத் தெரியிது. நீ நிக்கிது நிக்கிதுங்கிற. எனக்கு ஒண்ணும் இல்ல. அடிச்சிருந்தா கல்லைத்தான் அடிச்சிருப்பேன். சின்னப் பய முன்னால கண்ணு தெரியலன்னு எப்படிச் சொல்றது? விளக்கை அமத்துன்னேன்."

மகன் என்னைப் பார்த்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாக நான் எல்லோருக்கும் சொன்ன கதை, அவருக்குப் பார்வை மங்க ஆரம்பித்த முதல் நாளின் கதை. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியவில்லை. முயலின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஓங்கின கை நடுங்கியதா, அவர் கண்ணைச் சுருக்கினாரா, எதையும் கவனிக்கவில்லை.

"அப்ப ஏன் அதோட வேட்டையை விட்டீங்க?" என்றேன்.

"கண்ணு தெரியாதவனுக்கு என்ன வேட்டை? எந்திரி, வெயில் ஏறுது."

எழுப்பிவிட்டேன். தோளில் கை வைத்தார். வீடு வரைக்கும் பள்ளம் மேடு எல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்தச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடுரோட்டில் முயல் நின்றால் ஹார்ன் அடிக்காதீர்கள். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள். போய்விடும். எந்தப் பக்கம் போனது என்று முடிந்தால் பார்த்து வையுங்கள். ஆலங்குளத்தில் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார்.